பென்டிரைவில் ஃபைலைக் காணவில்லையா? ஃபார்மேட் செய்வதற்கு முன் அட்ரிப் கட்டளையைக் கற்றுக்கொள்ளுங்கள்

மார்த்தாண்டத்தில் நான் நடத்தும் டைப்பிங், ஜெராக்ஸ் கடைக்கு, மழையால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லாத ஒரு காலையில் குலசேகரத்திலிருந்து ஒரு மாமா வந்தார். சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். "மக்கா, நாலு வருசக் கணக்கு இதுலதான் கிடக்கு. ஷீட்டு, ஒட்டுப்பால், வெட்டுக் கூலி எல்லாம். இப்ப திறந்தா ஒண்ணையும் காணல்ல" என்றார். அதற்கு முன் போன வேறொரு கடையில், ஃபார்மேட் செய்தால்தான் சரியாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று எழுந்து வந்திருக்கிறார். அந்த யோசனைதான் அவர் கணக்கைக் காப்பாற்றியது.

சொருகிப் பார்த்தேன். ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மூலையில் வளைந்த அம்பு போட்ட ஷார்ட்கட்டுகள். எதையும் கிளிக் செய்யாமல், டிரைவின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸைத் திறந்தேன். பயன்படுத்திய இடம் 3 ஜிபிக்கு மேல் காட்டியது. இடம் பிடித்திருக்கிறது என்றால் சரக்கு உள்ளேதான் இருக்கிறது. ஃபைல்கள் எங்கும் போகவில்லை, யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு வரியில் எல்லாம் திரும்ப வந்தது.

அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. அது என்ன செய்கிறது என்று தெரியாமல் தட்டினால் வேறு இடத்தில் சிக்கல் வரும். அதனால் அடியிலிருந்து வருகிறேன்.

மறைப்பது என்றால் உண்மையில் என்ன

பென்டிரைவ்களில் ஃபைல்களை அடுக்கி வைக்க நெடுங்காலமாக இருந்துவரும் முறை எஃப்ஏடி32. அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட் (ஓர் ஆங்கில எழுத்து அடங்கும் இடம் ஒரு பைட்) நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. விண்டோஸுக்கு முன் இருந்த டாஸ் காலத்துப் பெயர் முறைப்படி பெயருக்கு 8 பைட், பின்னொட்டுக்கு 3 பைட், ஆக 11. அதற்கு அடுத்த 12ஆவது பைட்தான் நம் விஷயம். அந்த ஒரு பைட்டுக்குள் ஃபைலின் பண்புகள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும்.

படிக்க மட்டும் என்றால் 1. மறைவு என்றால் 2. சிஸ்டம் ஃபைல் என்றால் 4. டிரைவின் பெயர் என்றால் 8. ஃபோல்டர் என்றால் 16. ஆர்க்கைவ் என்றால் 32. பொருந்துகிறவற்றைக் கூட்டினால் வருவது அந்த பைட்டின் மதிப்பு. சாதாரண ஃபோல்டருக்கு 16. மாமாவின் பென்டிரைவில் இருந்த வைரஸ் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மறைவுக்கு 2, சிஸ்டத்துக்கு 4 கூட்டி 22 ஆக்கியிருந்தது. அவ்வளவுதான் அது செய்தது. நான்கு வருடக் கணக்கில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை, ஒரு ஃபோல்டருக்கு ஒரு பைட்டை மாற்றியிருந்தது.

ஃபார்மேட் செய்வது வேறு கதை. அது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையே துடைத்துவிடும். திண்ணையில் பாய் போட்டு மூடிய நெல்லை எடுக்கப் பாயை விலக்க வேண்டும், வீட்டை இடிக்கக் கூடாது.

என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் முறைகளில் இந்தக் குறிகள் வேறு இடத்தில் சேமிக்கப்படுகின்றன. ஆனால் பொருள் அதேதான், கட்டளையும் அதேதான். அட்ரிப் கட்டளை 1984இல் வந்த டாஸ் 3.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. இன்றைய விண்டோஸ் 11 வரை அதே பெயரில் தொடர்கிறது. ஒருமுறை கற்றால் வீண் போகாத வித்தை இது.

எப்படித் தட்டுவது

வாடிக்கையாளர்களுக்குப் போனில் நான் சொல்லிக்கொடுக்கும் விதமாகவே கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது அந்த ஒலிக்குரிய ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது விண்டோஸில் பொருட்டில்லை. அட்ரிப் என்பதன் எழுத்துகள்: ஏ, டி, டி, ஆர், ஐ, பி (டி டேபிளின் முதல் எழுத்து, பி பஸ்ஸின் முதல் எழுத்து). டிர் என்பது டி, ஐ, ஆர். டெல் என்பது டி, ஈ, எல். இவற்றிலும், தனியாகச் சொல்லாத மற்ற இடங்களிலும் டி என்றால் டாக்டரின் முதல் எழுத்து. கூட்டல், கழித்தல், சாய்கோடு, நட்சத்திரம், முக்காற்புள்ளி எல்லாம் இருக்கிறபடியே.

விண்டோஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் சி, எம், டி என்று தட்டி என்டர். கறுப்புத் திரை வரும். பென்டிரைவ் வேலைக்கு அட்மின் அனுமதி தேவையில்லை, சாதாரணமாகத் திறந்தால் போதும்.

உங்கள் பென்டிரைவுக்கு விண்டோஸ் கொடுத்திருக்கும் எழுத்து எது என்று மை கம்ப்யூட்டரில் (புது விண்டோஸில் திஸ் பிசி) பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் எஃப் என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு ஈ ஆகவோ ஜி ஆகவோ இருந்தால் அதைப் போடுங்கள். இதில் தவறினால் பென்டிரைவுக்குச் செய்ய நினைத்ததைக் கம்ப்யூட்டருக்குச் செய்துவிடுவோம். நான் ஒவ்வொரு முறையும் டிரைவ் எழுத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் என்டர் தட்டுவேன்.

முதலில் பாருங்கள்

மாற்றுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைத் தட்டுங்கள்:

டிர் /ஏ எஃப்:\

வெறும் டிர் மறைந்தவற்றைக் காட்டாது. /ஏ சேர்த்தால் எல்லாவற்றையும் காட்டும். மறைந்தவை மட்டும் வேண்டுமென்றால் /ஏஎச் போடலாம். மாமாவின் பென்டிரைவில் இந்த வரியைத் தட்டியதும் வருட வாரியாக அவர் போட்டு வைத்திருந்த ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். "என் கையெழுத்துப் பெயர்தான்" என்றார். ஃபோல்டர் பெயரை அவரே வைத்தது என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

அடுத்து எந்தக் குறிகள் போடப்பட்டிருக்கின்றன என்று பார்க்க:

அட்ரிப் எஃப்:\*.* /டி

/டி போட்டால்தான் ஃபோல்டர்களையும் சேர்த்துக் காட்டும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஏ, எஸ், எச், ஆர் எழுத்துகளில் எது பொருந்துகிறதோ அது இருக்கும். ஏ ஆர்க்கைவ், எஸ் சிஸ்டம், எச் மறைவு, ஆர் படிக்க மட்டும். எஸ்ஸும் எச்சும் சேர்ந்து உங்கள் சொந்த ஃபோல்டரின் முன்னால் நின்றால் அது நீங்கள் போட்டதாக இருக்க வாய்ப்பில்லை.

மீட்கும் வரி

அட்ரிப் -எச் -எஸ் -ஆர் எஃப்:\*.* /எஸ் /டி

கழித்தல் என்றால் குறியை எடு, கூட்டல் என்றால் குறியைப் போடு. கழித்தல் குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விடக் கூடாது, விட்டால் பிழை காட்டும். ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் நடுவில் இடைவெளி கட்டாயம் வேண்டும். கடைசியில் வரும் /எஸ் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்குள்ளும் போகச் சொல்கிறது. /டி ஃபோல்டர்களின் குறியையும் மாற்றச் சொல்கிறது. முன்னால் உள்ள -எஸ் சிஸ்டம் குறி, பின்னால் உள்ள /எஸ் உள்ஃபோல்டர். இரண்டும் ஒரே எழுத்து என்பதால் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஃபைல்கள் நிறைய இருந்தால் சில நிமிடம் பிடிக்கும். திரை அசையாமல் நிற்கும், மூடிவிடாதீர்கள். வேலை முடிந்ததும் கர்சர் புது வரிக்கு வரும். முடிந்தது என்ற செய்தி எதுவும் வராது.

இப்போது ஃபோல்டர்கள் தெரியும். கூடவே, மறைந்திருந்த வைரஸ் ஃபைலும் வெளியே வந்திருக்கும். விபிஎஸ், ஜேஎஸ், இஎக்ஸ்இ என்று முடிகிற, நீங்கள் அறியாத பெயர் எதையும் இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். ஷார்ட்கட்டுகளை நீக்க:

டெல் எஃப்:\*.எல்என்கே

பிறகு விபிஎஸ் ஃபைலையும் பெயர் சொல்லி அழியுங்கள். அப்புறம் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும்.

சில வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாததுபோல் தெரிகிற ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். உண்மையில் அதன் பெயர் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி எழுத்து. மேலே சொன்ன வரியை ஓட்டியபின் எக்ஸ்புளோரரில் அந்த ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் செய்து முடித்த சில விநாடிகளில் மறுபடி ஷார்ட்கட்டுகள் வந்து நின்றால், நோய் பென்டிரைவில் மட்டும் இல்லை, அந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. அங்கே எத்தனை தடவை தட்டினாலும் பயனில்லை. பென்டிரைவை எடுத்துவிட்டு முதலில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யுங்கள். அச்சடிக்கவும் விண்ணப்பம் போடவும் பத்துப் பேர் பென்டிரைவ் வந்துபோகும் என் கடை போன்ற இடங்களில் இதை நாங்கள்தான் கவனிக்க வேண்டும். வருகிற பென்டிரைவ் ஒவ்வொன்றையும் திறக்கும் முன் ஸ்கேன் செய்வது கடைக்காரரின் கடமை என்று நினைக்கிறேன்.

தமிழ்ப் பெயர், இடைவெளி, பிடிவாதமான ஃபைல்

ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். இதை விட்டால் விண்டோஸ் பெயரைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பிழை காட்டும்.

தமிழில் பெயர் வைத்திருந்தால் கறுப்புத் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரியலாம். திரையில் தமிழ் எழுத்துரு இல்லாததுதான் காரணம். ஃபைலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை, கட்டளையும் ஒழுங்காக வேலை செய்யும். பெயரைத் தட்டுவதற்குப் பதில் டேப் பட்டனை அழுத்துங்கள். அழுத்த அழுத்த ஒவ்வொரு பெயராக வரும், மேற்கோளையும் தேவைப்பட்டால் அதுவே போட்டுக்கொள்ளும். ஊர்த் திருவிழா மலருக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் பலர் ஃபைல் பெயரையும் தமிழில்தான் வைக்கிறார்கள். அதை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு தடை அடிக்கடி வரும். மறைவுக் குறியோ சிஸ்டம் குறியோ உள்ள ஃபைலில் படிக்க மட்டும் என்பதை மட்டும் எடுக்கப் பார்த்தால், மறைந்த ஃபைலை மாற்ற முடியாது என்ற பொருளில் ஒரு வரி வந்து நின்றுவிடும். எச், எஸ் இரண்டையும் அதே வரியில் சேர்த்து எடுத்தால் வழிவிடும். அதனால்தான் மீட்கும் வரியில் மூன்றையும் ஒன்றாகப் போட்டேன்.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டரும் வெளியே வந்திருந்தால் அது விண்டோஸுடையது. பயப்பட வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அட்ரிப் +எச் +எஸ் போட்டு, அதன் பெயரை மேற்கோளுக்குள் கொடுத்து மறுபடி மறைத்துவிடுங்கள்.

முடிந்த மாதத்தைப் பூட்டி வைப்பது

மாமாவுக்கு ஃபைல்கள் கிடைத்ததும் நான் சொல்லிக்கொடுத்த அடுத்த காரியம் இது. மாதம் முடிந்து, வியாபாரியோடு கணக்குத் தீர்த்த பிறகு அந்த மாதத்து ஃபைலில் கை படக் கூடாது. கணக்கு ஃபோல்டர் கம்ப்யூட்டரின் டி டிரைவில் இருந்தால்:

அட்ரிப் +ஆர் டி:\கணக்கு\ஜூன்.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்

இதன்பின் எக்செலில் திறந்தால் படிக்கலாம், அதே பெயரில் சேமிக்க விடாது. தவறுதலாக ஒரு எண் மாறிப்போனாலும் பழைய ஃபைல் அப்படியே இருக்கும். கறுப்புத் திரையில் டெல் கொடுத்தாலும் அனுமதி இல்லை என்று மறுக்கும். /எஃப் சேர்த்தால் அழித்துவிடும், அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றுவதையும் வேறு இடத்துக்கு நகர்த்துவதையும் இது தடுக்காது.

ஃபோல்டருக்குப் படிக்க மட்டும் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டப்படும் என்று பலர் நம்புகிறார்கள். விண்டோஸில் அப்படி இல்லை. ஃபோல்டரின் மேல் உள்ள அந்தக் குறியை, அதற்குத் தனித் தோற்றம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று அறியத்தான் விண்டோஸ் பயன்படுத்துகிறது. உள்ளே புது ஃபைல் போடலாம், பழையதை அழிக்கலாம். பூட்ட வேண்டுமென்றால் ஃபைல்களுக்கே போடுங்கள்: அட்ரிப் +ஆர் டி:\கணக்கு\2023\*.* /எஸ்.

அதேபோல மறைவுக் குறியை யாரும் பூட்டு என்று நினைக்க வேண்டாம். ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் படம் இவற்றை மறைத்து வைத்துவிட்டுக் கவலையில்லாமல் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிர் /ஏ தெரிந்த யாரும் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். அதற்குக் கடவுச்சொல் போட்ட ஜிப் ஃபைலோ, முழு டிரைவையும் பூட்டும் வசதியோதான் சரி.

யாரும் கவனிக்காத ஆர்க்கைவ் குறி

நான்கு குறிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஏ. ஒரு ஃபைல் புதிதாக உருவானாலோ, மாற்றிச் சேமிக்கப்பட்டாலோ விண்டோஸ் தானாகவே இந்தக் குறியைப் போட்டுவிடும். இந்த ஃபைல் இன்னும் நகல் எடுக்கப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். நகல் எடுக்கும் கட்டளையிடம் சொன்னால், அது வேலை முடித்ததும் குறியை எடுத்துவிடும். அடுத்த முறை குறி உள்ளவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இடி மின்னலுக்கும் மின்வெட்டுக்கும் நடுவில்தான் கம்ப்யூட்டர் ஓடுகிறது. தினமும் கடை அடைக்கும் முன் நான் தட்டுவது:

எக்ஸ்காப்பி டி:\கணக்கு எஃப்:\நகல் /எம் /எஸ் /ஐ /ஒய் /கே /ஆர்

எழுத்துகள்: எக்ஸ், சி, ஓ, பி (பென்னின் முதல் எழுத்து), ஒய். /எம் என்றால் ஏ குறி உள்ளதை மட்டும் நகலெடுத்து, எடுத்தபின் குறியை நீக்கு. /எஸ் உள்ஃபோல்டர்கள். /ஐ நகல் என்பதை ஃபோல்டராக எடுத்துக்கொள். /ஒய் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டிருக்காதே. /கே இல்லாவிட்டால் படிக்க மட்டும் என்று பூட்டிய ஃபைலின் நகல் பூட்டில்லாமல் போய்ச் சேரும். /ஆர் இல்லாவிட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கும் பூட்டிய நகலின் மேல் எழுத முடியாது. ஆயிரம் ஃபைல் உள்ள ஃபோல்டரில் அன்று தொட்ட ஏழெட்டு மட்டும் போகும். அரை நிமிட வேலை.

ஒரு எச்சரிக்கை. இரண்டு பென்டிரைவில் நகல் வைக்கிறவர்கள் இரண்டுக்கும் /எம் போடக் கூடாது. முதல் நகல் குறியை எடுத்துவிடுவதால் இரண்டாவதற்கு எதுவும் போகாது. முதலாவதற்கு /ஏ போடுங்கள், அது நகலெடுக்கும், குறியைத் தொடாது. இரண்டாவதற்கு /எம். இது தெரியாமல் ஒரு வருடம் காலியான இரண்டாவது பென்டிரைவைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்தேன். முதல் பென்டிரைவ் கெட்ட அன்று கை நடுங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது.

செய்யக் கூடாத இடம்

மீட்கும் வரியை சி டிரைவில் ஓட்டாதீர்கள். அங்கே விண்டோஸ் தன் வேலைக்காக மறைத்து வைத்தவை நிறைய. எல்லாவற்றின் குறியையும் எடுத்தால் டெஸ்க்டாப்பில் புதுப்புது ஃபைல்கள் முளைக்கும், வேண்டாதது என்று யாராவது அழிப்பார்கள், சிக்கல் அங்கே தொடங்கும். சி டிரைவில் ஒரு ஃபைல் வேண்டுமென்றால் அதன் முழுப் பெயரைக் கொடுத்து அதற்கு மட்டும் மாற்றுங்கள்.

கேமரா கார்டு எழுத மறுக்கிறது என்று கல்யாண போட்டோ எடுக்கும் தம்பிமார் வருவதுண்டு. அதற்கும் அட்ரிப்புக்கும் சம்பந்தமில்லை. கார்டின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டு நெம்புகோலைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்து இன்னும் மறுத்தால், தேய்ந்துபோன கார்டாக இருக்கலாம். இருக்கும் படங்களை உடனே வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படி ஒன்று வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். வைரஸ் ஏறிய பென்டிரைவை அதில் சொருகினால் மறைந்த ஃபோல்டர்கள் பொதுவாக நேரடியாகவே தெரியும். லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்தான் மறைவுக்கு அடையாளம், எஃப்ஏடியின் எச் குறியை அது அதற்காகப் பார்ப்பதில்லை. விண்டோஸுக்காக எழுதிய அந்த வைரஸ் அங்கே ஓடவும் ஓடாது. கணக்கை நகலெடுத்து வைத்துக்கொண்ட பிறகு மற்றதை நிதானமாகச் செய்யலாம்.

லினக்ஸின் சொந்த டிரைவில் இதைவிட வலுவான பூட்டு உண்டு:

சுடோ சிஎச்அட்டர் +ஐ கணக்கு.ஓடிஎஸ்

எழுத்துகள்: சி, எச், ஏ, டி, டி, ஆர் (இங்கும் எல்எஸ்அட்டரிலும் டி டேபிளின் முதல் எழுத்து). முன்னால் உள்ள சுடோ என்பது எஸ், யூ, டி, ஓ. முழு அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள். இங்கே எல்லாம் சின்ன எழுத்தாகவே இருக்க வேண்டும். இதைப் போட்டபின் அந்த ஃபைலை மாற்றவும் முடியாது, பெயர் மாற்றவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கம்ப்யூட்டரின் முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராலும் முடியாது. -ஐ கொடுத்து எடுத்த பிறகுதான் எல்லாம். +ஐ என்பதற்குப் பதில் +ஏ போட்டால் கடைசியில் வரி சேர்க்க மட்டும் விடும், முன்பு எழுதியதைத் தொட விடாது. என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க எல்எஸ்அட்டர், அதாவது எல், எஸ், ஏ, டி, டி, ஆர். ஈஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் முறைகளில்தான் இது செல்லும். எஃப்ஏடி32 பென்டிரைவில் தட்டினால் பிழை வரும்.

மாமா இப்போது மாதத்தில் ஒருநாள் வருகிறார். பென்டிரைவைச் சொருகி, டிர் /ஏ அவரே தட்டுகிறார், முந்தைய மாதத்துக்கு +ஆர் போடுகிறார். டிரைவ் எழுத்தை மட்டும் என்னிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வார். "எஃப்தானே மக்கா?" பார்த்துவிட்டு ஆமாம் என்பேன். அதன்பிறகுதான் என்டர்.